மேசைமேல் ஈபிஆர்: கருவி வந்து இறங்கியதும் எதில் தொடங்குவது?

#1 · ஒற்றியூர்_ஆய்வகம்

வணக்கம். திருவொற்றியூரில் எங்கள் ஆய்வகத்துக்கு எக்ஸ்-பேண்ட் (9.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கத்து நுண்ணலை) மேசைமேல் ஈபிஆர் கருவி ஒன்று வரப்போகிறது. காந்தப்புலத்தில் வைத்த மாதிரியின் இணையில்லா எலக்ட்ரான்கள் நுண்ணலையை உறிஞ்சுவதை அளப்பதுதான் ஈபிஆர். நிரந்தரக் காந்தம், கூடவே புலத்தை ஏற்றி இறக்கும் ஸ்வீப் காயில், நுண்ணலைப் பகுதி, மாதிரி நிற்கும் ரெசனேட்டர் (கேவிட்டி) எல்லாம் ஒரே பெட்டிக்குள். தண்ணீர்க் குளிர்விப்பு வேண்டாம், 230 வோல்ட் ஒற்றை ஃபேஸ் போதும் என்கிறார்கள். நிறுவிவிட்டுக் கொஞ்சம் பயிற்சி கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு நாங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாதிரிகள் மூன்று வகை. டைட்டானியம் டை ஆக்சைடு கலந்த தண்ணீரில் புற ஊதா ஒளி பட்டால் ஹைட்ராக்சில் ராடிக்கல் (இணையில்லா எலக்ட்ரான் கொண்ட, நொடியில் மறையும் துணுக்கு) உண்டாகிறதா என்று, அதைப் பிடித்துவைக்கும் டிஎம்பிஓ வைத்துப் பார்ப்பது ஒன்று. கச்சா எண்ணெயிலும் எச்ச எண்ணெயிலும் வனேடியம் பார்ப்பது இரண்டாவது. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை பக்கத்தில் இருப்பதால் இந்த வேலை நிச்சயம் வரும். மூன்றாவது, கொத்தவால்சாவடி மளிகை மொத்த வியாபாரிகள் கேட்கும் மிளகாய்த்தூள் சோதனை: கதிர்வீச்சு கொடுக்கப்பட்டதா இல்லையா என்று.

முதலில் எதைத் தொடலாம்? என்ன குழாய், என்ன தர மாதிரி வாங்கி வைக்கலாம்? தெரிந்தவர்கள் அளவுகளோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 · குவார்ட்ஸ்_குழாய்

மூன்றில் எதையும் முதலில் தொடாதீர்கள். முதல் ஸ்பெக்ட்ரம் காலிக் கேவிட்டி, அடுத்தது காலிக் குழாய், அதற்கடுத்தது கரைப்பான் மட்டும் உள்ள குழாய். 50 முதல் 450 மில்லிடெஸ்லா வரை அகலமாக ஓட்டுங்கள். 10 மில்லிவாட், மாடுலேஷன் (புலத்தின் மேல் ஏற்றும் சிறு அலைவு) 0.5 மில்லிடெஸ்லா, மூன்று நிமிட ஸ்வீப் போதும். இந்த மூன்றையும் தேதி போட்டு வையுங்கள். பின்னால் ஒரு புதுக் கோடு தென்பட்டால் அது மாதிரியினுடையதா, குழாயினுடையதா என்று இவைதான் சொல்லும்.

குழாய் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வெளிவிட்டம் 4 மில்லிமீட்டர் உள்ள உயர்தூய குவார்ட்ஸ் குழாய் ஒரு பத்தாவது வாங்குங்கள். பாரிமுனைக் கடைகளில் கிடைக்கும் சாதாரண போரோசிலிகேட் குழாயில் இரும்பு கலந்திருக்கும். ஜி மதிப்பு (கோடு வரும் இடத்தைக் குறிக்கும் எண்) 4.3-இல், அதாவது 9.4 ஜிகாஹெர்ட்ஸில் 156 மில்லிடெஸ்லா பக்கத்தில், அது ஒரு கோடு போடும். இரும்பு உள்ள மாதிரியைத் தேடுகிறவர் அதைப் பார்த்து ஏமாந்துபோவார்.

கழுவுவதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நம் கல்லூரி ஆய்வகங்களில் கண்ணாடிச் சாமான் என்றாலே குரோமிக் அமிலத்தில் ஊறவைக்கும் பழக்கம். ஈபிஆர் குழாய்க்கு அது ஆகவே ஆகாது. சுவரில் தங்கிவிடும் குரோமியம் மூன்று (மூன்று நேர்மின்னூட்டம் கொண்ட அயனி) தானே ஒரு பாராகாந்தப் பொருள், அதுவும் ஈபிஆர் கோடு போடும். எவ்வளவு கழுவினாலும் சன்னமாக நின்றுவிடும். கரைப்பானில் அலசி, 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் இரவு முழுக்க ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் பலமுறை கழுவி, 100 டிகிரி அவனில் உலர்த்துங்கள். தூள் அள்ள ஸ்டீல் ஸ்பாட்டுலா வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள் ஒன்று விழுந்தாலும் பேஸ்லைன் முழுக்க மலைபோல் வளைந்துவிடும். பிளாஸ்டிக் அல்லது பீங்கான் கரண்டி போதும்.

#3 · எண்ணூர்_அலை

அறையைப் பத்தி யாரும் பேசல, அதனால நான் சொல்றேன். நம்ம ஏரியாவுல முதல் எதிரி ஈரக்காத்து. மழைக்காலத்துல பனிநிலை (காத்துல இருக்குற ஈரம் துளியாப் படியுற வெப்பநிலை) 24, 25 டிகிரி வரைக்கும் போகும். ஃப்ரிட்ஜுல 4 டிகிரியில இருந்த குழாயை எடுத்து நேரா கேவிட்டிக்குள்ள விட்டா, வெளிச்சுவரெல்லாம் வேர்த்துடும். தண்ணி நுண்ணலையைக் குடிக்கும், க்யூ (கேவிட்டி நுண்ணலையை இழக்காம வெச்சுக்குற தரம்) சரியும், ஆட்டோ டியூன் மக்கர் பண்ணும். மாதிரியில ஏதோ கோளாறுன்னு நீங்க அதுல போய்த் தேடுவீங்க. குழாயை அறை வெப்பத்துக்கு வரவிட்டு, பஞ்சு நூல் விடாத டிஷ்யூவால துடைச்சுட்டு அப்புறம் போடுங்க. கேவிட்டிக்கு உலர் நைட்ரஜன் மெல்லமா ஓடட்டும். கடல் பக்கம்ங்கறதால கனெக்டர்ல உப்புப் பிடிக்கும். அறையில ஈரநீக்கி ஒண்ணு கட்டாயம் வேணும்.

இரண்டாவது ஏசி. காத்து நேரா கருவி மேல அடிக்கக்கூடாது. நியோடிமியம் காந்தத்தோட புலம் டிகிரிக்கு 0.11 சதவீதம் குறையும். 335 மில்லிடெஸ்லாவுல அது டிகிரிக்கு 0.37 மில்லிடெஸ்லா. ஒரு நைட்ராக்சைடு (நிலையான ஒரு ராடிக்கல் வகை) கோட்டோட அகலத்தைவிட ரெண்டு மடங்கு! கருவிக்குள்ள காந்தத்துக்குத் தெர்மோஸ்டாட் இருக்கும், புலத்தை அளக்குற ப்ரோப் இருக்கும், இருந்தாலும் சூடேறி நிலைச்சு நிக்க அதுக்கு நேரம் வேணும். காலையில சுவிட்சைப் போட்டதும் அளக்க உக்காராதீங்க. முடிஞ்சா காந்தத்தோட ஹீட்டரை ராத்திரியும் அணைக்காம யூபிஎஸ்ல விடுங்க. கரண்ட் போய் வந்த நாள்ல ஜி மதிப்பு எதையும் முதல் ஒரு மணி நேரத்துக்கு நம்பாதீங்க.

இதயத்துல பேஸ்மேக்கர் வெச்சவங்க பக்கத்துல வரக்கூடாதுன்னு கதவுலயே எழுதி ஒட்டிடுங்க.

#4 · ஒற்றியூர்_ஆய்வகம்

நன்றி அக்கா, நன்றி அண்ணே. ஒரு சந்தேகம். ஒளிவினையூக்கி மாதிரி எல்லாமே தண்ணீரில்தான். அதற்கும் அதே 4 மில்லிமீட்டர் குழாய்தானா? கருவி தானாகவே டியூன் செய்துகொள்ளும் என்கிறார்களே.

#5 · குவார்ட்ஸ்_குழாய்

ஆகாது. 4 மில்லிமீட்டர் குழாய் நிறையத் தண்ணீர் வைத்தால் எந்த ஆட்டோ டியூனும் கைவிரித்துவிடும். கேவிட்டியின் நடுவில் காந்த நுண்ணலைப் புலம் உச்சத்தில் இருக்கும், மின்புலம் கிட்டத்தட்ட சுழி. நடு அச்சை விட்டு விலக விலக மின்புலம் ஏறும். தண்ணீர் அந்த மின்புலத்தை உறிஞ்சி வெப்பமாக்கிவிடும். எனவே தண்ணீர் மெல்லியதாக, நடுவிலேயே நிற்க வேண்டும். அதற்குத்தான் தட்டைக் கலமும் தந்துகிக் குழாயும்.

தொடக்கத்துக்கு 50 மைக்ரோலிட்டர் கண்ணாடித் தந்துகி போதும். உள்விட்டம் ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். நிரப்பி, அடியை ரத்தப் பரிசோதனைக் கூடங்களில் பயன்படும் ஹீமடோகிரிட் களிமண்ணால் அடைத்து, அந்தத் தந்துகியை 4 மில்லிமீட்டர் குவார்ட்ஸ் குழாய்க்குள் இறக்குங்கள். களிமண்ணில் இரும்பும் மாங்கனீசும் இருக்கும். அந்த அடைப்பு கேவிட்டியின் உணர்பகுதிக்குக் கீழே, வெளியே நிற்க வேண்டும். உணர்பகுதி 2 முதல் 3 சென்டிமீட்டர்தான். திரவ நெடுக்கம் அதைத் தாண்டி மேலும் கீழும் இருந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு மாதிரி கருவியின் கண்ணில் படும். தந்துகியும் கண்ணாடிதானே என்று கேட்பீர்கள். அதன் 156 மில்லிடெஸ்லா கோடு, நீங்கள் பார்க்கப்போகும் 330–340 பக்கம் வந்து தொல்லை கொடுக்காது.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் க்யூ மதிப்பைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். சிக்னல் க்யூவுக்கு நேர்விகிதம். தர மாதிரியில் ஒரு க்யூ, உங்கள் மாதிரியில் வேறு க்யூ என்றால் இரண்டையும் அப்படியே ஒப்பிடக்கூடாது.

#6 · ஒத்ததிர்வு_முனை

அமைப்பளவுகள் பற்றி ஒரு வார்த்தை. மென்பொருள் தரும் இயல்பு மதிப்புகளை அப்படியே விட்டுவிடுவதுதான் புதியவர்கள் செய்வது. நான்கு எண்களை ஒவ்வொரு மாதிரிக்கும் புதிதாக முடிவு செய்ய வேண்டும்.

மாடுலேஷன்: கோட்டின் உச்சி-அடி அகலத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள், வடிவம் கெடாது. கோட்டகலத்துக்குச் சமமாக வைத்தால் உயரம் கூடும், ஆனால் கோடு பருத்து, நுண்பிளவு எல்லாம் மூடிப்போகும். ‘இருக்கிறதா இல்லையா’ என்பது மட்டும் கேள்வியானால் அப்படி வைக்கலாம்.

திறன்: நிரம்பாத (திறனுக்கு ஏற்ப ஏறாமல் சிக்னல் தேங்கத் தொடங்காத) நிலையில் சிக்னல் திறனின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஏறும். 10 மில்லிவாட்டில் ஒரு ஓட்டம், 2.5 மில்லிவாட்டில் ஒரு ஓட்டம். உயரம் சரியாகப் பாதியானால் நல்லது. பாதிக்கு மேல் நின்றால் 10-இல் ஏற்கெனவே நிரம்பிவிட்டது, இறக்குங்கள். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் ஆகாது. இதைத் தவிர்த்துவிட்டு எடுக்கும் அளவுகள் அத்தனையும் ஐயத்துக்குரியவை.

டைம் கான்ஸ்டன்ட் (இரைச்சலைச் சமன்செய்யக் கருவி எடுக்கும் நேரம்): மிகக் குறுகிய கோட்டைக் கடக்க ஆகும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். 10 மில்லிடெஸ்லாவை 60 நொடியில் ஓட்டினால் 0.15 மில்லிடெஸ்லா கோட்டைக் கடக்க 0.9 நொடி ஆகும். டைம் கான்ஸ்டன்ட் 0.09 நொடிக்கு மேல் போகக்கூடாது. அதைக் கூட்டினால் இரைச்சல் அடங்கியதுபோல் அழகாகத் தெரியும்; உண்மையில் கோடு ஒரு பக்கம் சாய்ந்து, இடமும் தள்ளிப்போயிருக்கும். இரைச்சல் குறைய வேண்டுமானால் பல ஓட்டங்களைக் கூட்டிச் சராசரி எடுங்கள். 16 ஓட்டத்துக்கு நான்கு மடங்கு தெளிவு.

நான்காவது, ஸ்வீப் அகலம். அதை அளவிடல் பற்றிப் பேசும்போது சொல்கிறேன். அங்கேதான் அது கழுத்தைப் பிடிக்கும்.

#7 · எண்ணூர்_அலை

தர மாதிரிக்கு டிபிபிஎச் (ஒரு நிலையான ராடிக்கல் தூள்) ஒண்ணு போதும் சார். ஒரு துளி தூளை தந்துகியில அடைச்சு வெச்சா வருஷக்கணக்கா ஓடும். ஜி 2.0036, ஒரே கோடு.

ஜி கணக்கு தெரியாதவங்களுக்கு: ஜி = 71.4477 × அதிர்வெண் ஜிகாஹெர்ட்ஸில் ÷ புலம் மில்லிடெஸ்லாவில். அதிர்வெண் 9.400-ன்னா டிபிபிஎச் 335.20-ல நிக்கணும். கருவி 335.50 காட்டுச்சுன்னா 0.30 தள்ளி நிக்குது. அதை எல்லா அளவுலயும் கழிச்சிடுங்க. வகையீட்டுக் கோடு சுழியைக் கடக்குற இடத்தைத்தான் படிக்கணும், உச்சியை இல்ல.

#8 · ஒத்ததிர்வு_முனை

புலத்தைச் சரிபார்க்க டிபிபிஎச் நல்லது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எத்தனை ஸ்பின் (இணையில்லா எலக்ட்ரான்) என்று எண்ணுவதற்கு அதை வைக்காதீர்கள். எந்தக் கரைப்பானில் படிகமாக்கினார்களோ அந்தக் கரைப்பான் படிகத்துக்குள் சிக்கியிருக்கும். நாள்பட்டால் கொஞ்சம் சிதையவும் செய்யும். 394 கிராம் ஒரு மோல் என்று நினைத்து எடைபோட்டால், உள்ளே உண்மையில் எத்தனை மோல் ராடிக்கல் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. போதாக்குறைக்கு அது தூள், உங்கள் மாதிரியோ தண்ணீர். நிரப்பம் வேறு, க்யூ வேறு.

தண்ணீர் மாதிரிகளை எண்ண டெம்போல் (தண்ணீரில் கரையும் நைட்ராக்சைடு) கரைசல்தான் வழி. 17.2 மில்லிகிராம் டெம்போல், 100 மில்லிலிட்டர் குடுவை: ஒரு மில்லிமோலார். அதிலிருந்து 10, 25, 50, 100, 200 மைக்ரோமோலார் நீர்த்துக்கொள்ளுங்கள். தந்துகி அதே வகை, நிரப்பும் உயரம் அதே, அறை வெப்பமும் அதே. மூன்று கோடுகள் ஏறக்குறைய சம உயரத்தில், 1.7 மில்லிடெஸ்லா இடைவெளியில் வரும். 10 மில்லிடெஸ்லா ஸ்வீப் தாராளம். வரைபடம் நேர்கோடாகச் சுழியை நோக்கிப் போனால் உங்கள் கைவேலையும் கருவியும் ஒழுங்கு. ஒரு மில்லிமோலாருக்கு மேல் செறிவைக் கூட்டிக்கொண்டே போனால் ராடிக்கல்கள் ஒன்றோடொன்று மோதி ஸ்பின் மாற்றிக்கொண்டு கோடு அகலும். உயரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் அங்கே தவறுவார்கள்.

#9 · எண்ணூர்_அலை

எண்ணிக்கைக்கு டெம்போல்ங்கறது சரி சார், ஒத்துக்கறேன். தினசரி காலைச் சோதனைக்கு மட்டும் டிபிபிஎச் இருக்கட்டும். மெக்னீசியம் ஆக்சைடுல மாங்கனீசு ரெண்டு கலந்த மார்க்கர் கிடைச்சா இன்னும் வசதி. அதோட ஆறு கோட்டுல மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல 8.7 மில்லிடெஸ்லா இடம் இருக்கு. கரிம ராடிக்கல் எல்லாம் அந்த இடைவெளிக்குள்ளதான் வரும். மாதிரியோட சேர்த்தே ஓட்டினா புலமும் க்யூவும் ஒரே ஓட்டத்துல சரிபார்த்த மாதிரி.

#10 · ஒற்றியூர்_ஆய்வகம்

சார், ஸ்வீப் அகலம் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றீர்களே.

#11 · ஒத்ததிர்வு_முனை

கருவி தருவது உறிஞ்சலின் முதல் வகையீடு. எண்ணிக்கை வேண்டுமென்றால் இருமுறை தொகையிட வேண்டும். லாரன்ஸ் வடிவக் கோட்டுக்கு வால் நீளம். அதை வெட்டினால் பரப்பு போய்விடும். கோட்டின் நடுவிலிருந்து இரு பக்கமும் கோட்டகலத்தின் ஐந்து மடங்கு வரை மட்டும் எடுத்தால், உறிஞ்சல் பரப்பில் 11 சதவீதம் வெளியே நின்றுவிடும். அதோடு முடிவதில்லை. முதல் தொகையீடு ஓரத்தில் சுழியிலிருந்து தொடங்குவதால், அந்த இடத்தில் உண்மையில் இருக்கும் சிறு உயரமும் முழு அகலத்துக்கும் கழிபடுகிறது. இரண்டும் சேர்ந்தால் இழப்பு 22 சதவீதம்! பத்து மடங்கு வரை எடுத்தாலும் 11 சதவீதம் போகும்.

இதற்கு மருந்து என்ன? தர மாதிரியையும் சோதனை மாதிரியையும் கோட்டகலத்தின் அதே மடங்கில் வெட்டுங்கள். வடிவம் ஒன்றானால் இழப்பு இரண்டிலும் ஒன்றாகி அடிபட்டுப்போகும். அல்லது கோட்டுக்கு வடிவம் பொருத்தி, பொருத்திய வடிவத்தின் பரப்பை எடுங்கள். பேஸ்லைன் துளி சாய்ந்திருந்தாலும் இரண்டாவது தொகையீட்டில் அது பூதமாக வளரும். அதனால்தான் குழாயும் கரைப்பானும் மட்டும் கொண்ட ஓட்டத்தை முதலில் கழிக்கச் சொல்வது.

வெப்பத்தையும் விடாதீர்கள். 25 டிகிரிக்கும் 30 டிகிரிக்கும் இடையில் கியூரி விதிப்படி சிக்னல் 1.7 சதவீதம் மாறும்.

#12 · குவார்ட்ஸ்_குழாய்

இனி டிஎம்பிஓ. எல்லோரும் இதைத்தான் முதலில் ஓட்ட ஆசைப்படுகிறார்கள். 1:2:2:1 நான்கு கோடு, இடைவெளி 1.49 மில்லிடெஸ்லா. பார்த்ததும் ‘ஹைட்ராக்சில் ராடிக்கல்’ என்று எழுதிவிடுகிறார்கள். அந்த நான்கு கோடு ஹைட்ராக்சில் ராடிக்கல் இல்லாமலேயே வரும் வழிகள் குறைந்தது மூன்று உண்டு.

ஒன்று, டிஎம்பிஓவே அசுத்தமாக இருப்பது. நல்ல டிஎம்பிஓ நிறமற்றது. மஞ்சள் ஏறியிருந்தால் கெட ஆரம்பித்துவிட்டது. ஆர்கான் நிரப்பி, மைனஸ் 20 டிகிரியில், சிறு சிறு பங்குகளாகப் பிரித்து வையுங்கள். கரைசலைச் செயலூட்டிய கரியோடு கலக்கி 0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்தால் பெரும்பாலும் தெளியும். கரி கொஞ்சம் டிஎம்பிஓவையும் எடுத்துக்கொள்ளும். அதனால் செறிவை 228 நானோமீட்டரில் மறுபடி அளக்க வேண்டும். மோலார் உறிஞ்சல் ஏறத்தாழ 8000.

இரண்டு, இரும்பு. பாஸ்பேட் பஃபரில் ஒட்டிக்கொண்டு வரும் இரும்பு மூன்று, தண்ணீரையே டிஎம்பிஓ மேல் சேர்த்து அதே நான்கு கோட்டைத் தந்துவிடும். பஃபரில் 100 மைக்ரோமோலார் டிடிபிஏ (உலோக அயனியைப் பிணைத்துக்கொள்ளும் பொருள்) சேருங்கள். அதே வேலை செய்யும் ஈடிடிஏ வேண்டாம், அதோடு பிணைந்த இரும்பு ஃபென்டன் வினையை (இரும்பும் பெராக்சைடும் சேர்ந்து ஹைட்ராக்சில் தருவதை) இன்னும் ஓட்டும்.

மூன்று, சூப்பர் ஆக்சைடு. டிஎம்பிஓவோடு அது தரும் சேர்மம் நிமிடக் கணக்கில் சிதைந்து ஹைட்ராக்சில் சேர்மமாகவே மாறிவிடும். தாமதமாக ஓட்டினால் முதலில் எது வந்தது என்று சொல்ல முடியாது.

டைட்டானியம் டை ஆக்சைடில் இன்னொன்றும் சேரும்: ஒளியில் உண்டாகும் துளைகள் (எலக்ட்ரான் இழந்த இடங்கள்) டிஎம்பிஓவை நேரடியாக ஆக்சிஜனேற்றம் செய்துவிட்டு, தண்ணீர் பின்னால் வந்து சேரலாம். எனவே கட்டுப்பாட்டு ஓட்டங்கள் இல்லாமல் ஒரு படத்தைக்கூட வெளியே காட்டாதீர்கள். ஒளி இல்லாமல், வினையூக்கி இல்லாமல், டிஎம்பிஓ இல்லாமல் தனித்தனியே ஓட்ட வேண்டும். முக்கியமானது, 10 சதவீதம் டிஎம்எஸ்ஓ சேர்த்து ஓட்டுவது. நிஜமான ஹைட்ராக்சில் இருந்தால் அது டிஎம்எஸ்ஓவைத் தாக்கி மெத்தில் ராடிக்கலைத் தரும். நான்கு கோடு சுருங்கி ஆறு கோடு எழும். நைட்ரஜன் பிளவு 1.64, ஹைட்ரஜன் பிளவு 2.34 மில்லிடெஸ்லா அளவில் இருக்கும். எத்தனால் சேர்த்தால் 1.58-உம் 2.28-உம். டிஎம்எஸ்ஓ சேர்த்தும் நான்கு கோடு அசையாமல் நின்றால் உங்கள் கையில் இருப்பது ஹைட்ராக்சில் அல்ல.

கைப்பழக்கத்துக்கு ஃபென்டனை ஓட்டிப் பாருங்கள்: டிஎம்பிஓ 50 மில்லிமோலார், ஹைட்ரஜன் பெராக்சைடு 1 மில்லிமோலார், கடைசியாக இரும்பு இரண்டு 100 மைக்ரோமோலார். கலந்ததும் தந்துகியில் ஏற்றி இரண்டு மூன்று நிமிடத்துக்குள் ஓட்டுங்கள். இரும்பைக் கூட்டினால் சிக்னல் கூடும் என்று எண்ண வேண்டாம். மிகுந்த இரும்பு சேர்மத்தையே அழித்துவிடும்.

#13 · மணலி_கச்சா

எண்ணெய்ப் பக்கம் நான் எழுதுகிறேன். மூன்றில் உங்களுக்கு முதலில் கைகூடப்போவது இதுதான். கச்சாவில் வனேடியம் பெரும்பாலும் வனேடைல் (ஓர் ஆக்சிஜனோடு சேர்ந்த வனேடியம் நான்கு) வடிவில் போர்ஃபிரின் என்னும் வளைய மூலக்கூறுகளோடு பிணைந்து இருக்கும். வனேடியம் 51-இன் அணுக்கரு ஸ்பின் 7/2, எனவே எட்டுக் கோடு. எண்ணெயின் கனத்த பகுதியான அஸ்ஃபால்டீன் மூலக்கூறுகள் பெருத்து மெல்லச் சுழல்வதால் அறை வெப்பத்திலேயே உறைந்த மாதிரி போல, மூலக்கூறின் அச்சு புலத்துக்கு இணை, செங்குத்து என இரண்டு எட்டுக் கோட்டுத் தொகுதிகளும் தெரியும். நடுவில் ஜி 2.003 பக்கம் ஒரு கூர்மையான கோடு: அது அஸ்ஃபால்டீனின் கரிம ராடிக்கல், வனேடியத்தினுடையது அல்ல.

இணைத் தொகுதியின் இடைவெளி 17 மில்லிடெஸ்லா அளவு. ஆக மொத்த வீச்சு 120. 9.4 ஜிகாஹெர்ட்ஸில் 270 முதல் 415 வரை ஓட்டுங்கள். மாடுலேஷன் 0.4 தாங்கும். ஆனால் நடுக்கோடு அதில் பருத்துவிடும். அது வேண்டுமென்றால் தனியாக, குறைந்த மாடுலேஷனில், குறைந்த திறனில் எடுங்கள். கரிம ராடிக்கல் வனேடைலைவிட முன்னதாகவே நிரம்பும்.

நீர்க்க டோலுயீன் மட்டும். ஹெக்சேனோ ஹெப்டேனோ ஊற்றினால் அஸ்ஃபால்டீன் அடியில் படிந்து, வனேடியமும் அதோடு இறங்கிவிடும். மேல் திரவத்தை எடுத்து ஓட்டிவிட்டு ‘வனேடியம் குறைவு’ என்று அறிக்கை கொடுத்தால் அது பொய் அறிக்கை. டோலுயீனுக்கு நுண்ணலை இழப்பு குறைவு. 4 மில்லிமீட்டர் குழாயே போதும். தரத்துக்கு வனேடைல் அசிட்டைல் அசிட்டோனேட்டை எண்ணெயில் கரைத்து வைப்பவர்கள் உண்டு. அது சிறிய மூலக்கூறு, வேகமாகச் சுழலும், வடிவம் வேறு. உயரத்தை உயரத்தோடு ஒப்பிடாமல் பரப்பைப் பரப்போடு ஒப்பிட்டால்தான் பொருள் உண்டு. அதைவிட நல்லது, வேறு முறையில் வனேடியம் அளந்து வைத்த ஒரு கச்சாவையே தரமாக வைப்பது.

ஒன்றை வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இது வனேடியம் நான்கை மட்டும்தான் பார்க்கும். வினையூக்கிப் படுகையில் மீளுருவாக்கம் ஆகி வந்த தூளில் பெரும்பகுதி வனேடியம் ஐந்தாக இருக்கும், ஈபிஆரில் அது ஊமை. போர்ஃபிரினில் உள்ள நிக்கலும் தெரியாது. மொத்த வனேடியம், மொத்த நிக்கல் கேட்பவரை ஐசிபி (எந்த வடிவில் இருந்தாலும் தனிமத்தின் மொத்த அளவைக் காட்டும் கருவி) இருக்கும் இடத்துக்கு அனுப்புவதுதான் நேர்மை.

#14 · வண்ணை_உணவு

மிளகாய்த்தூளுக்கு ஐரோப்பியத் தர முறை இஎன் 1787 இருக்கு. செல்லுலோஸ் உள்ள உணவுக்கானது அது. மிளகாய் வகையில பாப்ரிகாத் தூளை வெச்சே சோதிச்சுப் பாத்திருக்காங்க. எலும்புக்கு 1786, படிகச் சர்க்கரைக்கு 13708. நம்ம நாட்டுல மசாலாவுல நுண்ணுயிர் நீக்க 6 முதல் 14 கிலோகிரே (உறிஞ்சின கதிர்வீச்சோட அளவு) வரைக்கும் அனுமதி.

கதிர்வீச்சு படாத மிளகாய்லயும் நடுவுல ஒரு கோடு இருக்கும். அதைப் பாத்துட்டு முடிவு சொல்லிடாதீங்க. தேட வேண்டியது அதுக்கு ரெண்டு பக்கமும் 3 மில்லிடெஸ்லா தள்ளி, ஒண்ணுக்கொண்ணு 6 மில்லிடெஸ்லா இடைவெளியில நிக்கிற சின்ன ஜோடி. திறன் ஒரு மில்லிவாட்டுக்குக் கீழ, மாடுலேஷன் 0.4 முதல் 1 மில்லிடெஸ்லா. செல்லுலோஸ் ராடிக்கல் சீக்கிரம் நிரம்பிடும். 10 மில்லிவாட்ல ஓட்டினா நடுக்கோட்டோட அடியில ஜோடி காணாமப் போயிடும். செடியில இருக்கிற மாங்கனீசோட ஆறு கோடும் குறுக்க வரும். வலப்பக்கக் கோட்டை அது மூடிடுச்சுன்னா இடப்பக்கத்தை வெச்சுத்தான் பாக்கணும்.

ஜோடி இருந்தா கதிர்வீச்சு பட்டது. ஜோடி இல்லைன்னா ‘படலை’ன்னு எழுதக்கூடாது. ‘இந்த முறையில் கண்டறியப்படவில்லை’ன்னுதான் எழுதணும். ஈரம் ஏறினா செல்லுலோஸ் ராடிக்கல் செத்துடும், நம்ம ஊர்க் காத்துல சாக்கு பிரிச்சு வெச்ச மிளகாய்க்கு அது சட்டுனு நடக்கும். மாதிரி வந்ததும் காத்துப் புகாத பையில சிலிக்கா ஜெல்லோட மூடுங்க. உலர்த்தணும்னா 40 டிகிரி வெற்றிட அவன். அதுக்கு மேல சூடு வேணாம்.

ஒப்பீட்டுக்கு அதே தூள்ல ஒரு பங்கை தெரிஞ்ச அளவுக்குக் கதிர்வீச்சு கொடுத்து வாங்குங்க. ஆனா குவார்ட்ஸ் குழாய்ல போட்டு அனுப்பாதீங்க.

#15 · ஒற்றியூர்_ஆய்வகம்

குவார்ட்ஸில் ஏன் அனுப்பக்கூடாது? அங்கேயே நிரப்பி அனுப்பினால் இடம் மாற்றும் வேலை மிச்சமாகுமே.

#16 · குவார்ட்ஸ்_குழாய்

காமா பட்டால் குவார்ட்ஸிலேயே குறைகள் உண்டாகும். ஜி 2.0005 பக்கம் கூர்மையான கோடு ஒன்று வரும், எளிதில் நிரம்பும், அறை வெப்பத்தில் நெடுநாள் போகாது. அந்தக் குழாயைப் பிறகு எதற்கும் பயன்படுத்த முடியாது. பிளாஸ்டிக் பையில் அனுப்பி, திரும்பி வந்ததும் சுத்தமான குழாய்க்கு மாற்றுங்கள்.

தூள் மாதிரிக்கு இன்னொன்று. குழாயை 60 டிகிரி திருப்பி மறுபடி ஓட்டுங்கள். வடிவம் மாறினால் படிகத் துணுக்குகள் எல்லாத் திசையிலும் சீராகக் கலக்கவில்லை, நன்றாக அரைக்க வேண்டும்.

#17 · ஒற்றியூர்_ஆய்வகம்

இத்தனையையும் படித்த பிறகு வரிசை புரிகிறது: காலி ஓட்டம், டிபிபிஎச், டெம்போல் நேர்கோடு, அப்புறம் எண்ணெய். மிளகாயும் டிஎம்பிஓவும் கடைசியில். கடைக்குப் போய் வாங்காமல் கையில் இருப்பதை வைத்துப் பழக ஏதாவது மாதிரி உண்டா? திரவ நைட்ரஜன் வாங்கியே ஆக வேண்டுமா?

#18 · வண்ணை_உணவு

டீத்தூள். 4 மில்லிமீட்டர் குழாய்ல 3 சென்டிமீட்டர் நிரப்பி, 300 முதல் 370 வரைக்கும் ஓட்டுங்க. மாங்கனீசு ரெண்டோட ஆறு கோடு 9 மில்லிடெஸ்லா இடைவெளியில வரிசையா வரும், நடுவுல ஜி 2.004 பக்கம் கரிம ராடிக்கல் ஒண்ணு. திறன் சோதனை, மாடுலேஷன் சோதனை, ரெண்டையும் இதுலயே பழகலாம். திறனை ஏத்த ஏத்த மாங்கனீசு விடாம ஏறும், நடுக்கோடு பின்தங்கும். நிரம்புறது, அதான் சாச்சுரேஷன்னா என்னன்னு கண்ணால பாத்துடலாம்.

#19 · எண்ணூர்_அலை

அடுத்து தேங்காய் ஓட்டுக் கரி. ஒரே கோடு, சிக்னல் பலமா வரும். ஆனா நல்லாச் சுட்ட கரி மின்சாரம் கடத்தும், க்யூவைச் சாப்பிடும். பொட்டாசியம் புரோமைடோட நூத்துக்கு ஒண்ணா அரைச்சுப் போடுங்க. நைட்ரஜன் ஊதிட்டு ஒரு ஓட்டம், காத்துல திறந்து வெச்சுட்டு ஒரு ஓட்டம் எடுத்துப் பாருங்க. ஆக்சிஜன் பட்டதும் கோடு எப்படி அகலுதுன்னு தெரியும். டோலுயீன்ல டெம்போ (டெம்போல் மாதிரியே இன்னொரு நைட்ராக்சைடு) ஓட்டும்போது நைட்ரஜன் ஊதச் சொல்றது ஏன்னும் புரிஞ்சிடும்.

#20 · ஒத்ததிர்வு_முனை

திரவ நைட்ரஜன் தொடக்கத்துக்குத் தேவையில்லை. செம்பு இரண்டு போன்ற உலோக மாதிரிகள் வரத் தொடங்கிய பிறகு விரல் வடிவ டியூவர் (வெற்றிடச் சுவர் கொண்ட குளிர்க் குடுவை) ஒன்று வாங்கலாம். 77 கெல்வினில் சிக்னல் அறை வெப்பத்தைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு கிடைக்கும். கொதிக்கும் குமிழிகள் இரைச்சல் தரும். ஹீலியத்தை மெல்லக் குமிழவிட்டால் அடங்கும். டியூவரின் வெளிச்சுவரில் பனி படியும், அதற்கும் உலர் நைட்ரஜன்தான்.

நீர்க் கரைசலை உறையவைக்கும்போது குழாயில் 3 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். அடியிலிருந்து மெல்ல மெல்ல இறக்குங்கள்; சட்டென்று முக்கினால் பனி விரிந்து குவார்ட்ஸ் பிளக்கும். மூடிய குழாய்க்குள் நைட்ரஜனோ ஆக்சிஜனோ திரவமாகச் சேர்ந்துவிட்டால் வெளியே எடுத்ததும் வெடிக்கும். முகக்கவசம் இல்லாமல் அந்த வேலையில் யாரையும் நிற்கவிடாதீர்கள்.

#21 · மணலி_கச்சா

எண்ணெய்க் குழாய் கழுவுவதை யாரும் சொல்லவில்லை. காய்ந்தால் போகாது. ஓட்டி முடித்த கையோடு டோலுயீனில் நான்கைந்து முறை அலசி, பிறகு அசிட்டோன், பிறகுதான் அக்கா சொன்ன நைட்ரிக் அமிலம். அசிட்டோன் ஈரம் துளி இருக்கும்போது நைட்ரிக் அமிலம் ஊற்றக்கூடாது, வினை கட்டுக்கடங்காமல் போகும். தண்ணீரில் அலசி உலர்த்திவிட்டு ஊற்றுங்கள். எண்ணெய்க்கென்று நான்கு குழாயை எண்போட்டுத் தனியே வைத்துவிடுங்கள், டிஎம்பிஓ பக்கம் அவை போகவே வேண்டாம்.